வினாகிரியால் வீட்டைத் துப்புரவு செய்யலாம். குளோரின் தூளோடு மட்டும் சேர்க்காதீர்கள்

நான் உடப்புசல்லாவையில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அமிலம், காரம், உப்பு என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன். அப்படிப்பட்ட நானே ஒரு மார்கழி விடுமுறையில் என் அத்தையை மூச்சுத்திணற வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் அரைப் போத்தல் வினாகிரி. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதைப் படிக்கிற பல வீடுகளில் அதே இரண்டு பொருட்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோட்டத்தில் பட்டினி கிடந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு, மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு அவரும் மாமாவும் போனார்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, கிளிநொச்சிப் பக்கம் காணி பிடித்து வாழ்ந்தார்கள். 2009இல் மாமா போய்விட்டார். மாத்தளனில் ஷெல் துண்டு அத்தையின் வலப் பக்க நெஞ்சில் பாய்ந்தது. கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்ட காயக்காரர்களுள் அவரும் ஒருவர். துண்டின் ஒரு பகுதி இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஏற்றம் ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010இல் ஊர் திரும்பினார்.

முகாமில் அவர் பழகிக்கொண்ட ஒரு வழக்கம் குளோரின் தூள். தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் அங்கே அதுதான் போடுவார்கள். வாந்திபேதி வரக் கூடாது என்ற பயம் அவரை விட்டு இன்னும் போகவில்லை. எங்கே போனாலும் ஒரு பால்மா பேணியில் அந்தத் தூளைக் கொண்டுபோவார். எங்கள் லயத்துக்கு வந்த மறுநாளே, பின்பக்க மலசலகூடத்தில் ஒரு பிடி தூவிவிட்டு எனக்குச் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டார். நான் அதே நேரத்தில், பீங்கானில் பிடித்திருந்த மஞ்சள் படிவைப் போக்க வினாகிரிப் போத்தலோடு உள்ளே போனேன். பனிக்குளிருக்காகக் கதவையும் சாத்திக்கொண்டேன்.

ஊற்றிய சில நொடிகளில் கண் எரிந்தது. தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பது போல இருந்தது. தடுப்புச் சுவருக்கு அப்பால் குளித்துக்கொண்டிருந்த அத்தைக்கும் அந்தக் காற்று போய்விட்டது. "ஏ புள்ள, கதவத் தொற, வெளிய ஓடு" என்று கத்திக்கொண்டே வந்து என் கையைப் பிடித்து இழுத்தவர் அவர்தான். மேட்டில் ஏறி நின்றோம். எனக்கு இருமல் அரை மணித்தியாலத்தில் அடங்கியது. அவருக்கு அடங்கவில்லை. முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஒரு இரவு ஒட்சிசன் வைத்து வைத்திருந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் வினாகிரியை ஒதுக்கிவிடவில்லை. அது நல்ல பொருள், மலிவான பொருள். எது அதன் வேலை, எது அதன் வேலை இல்லை என்று தெரிந்து பாவிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வினாகிரி என்பது என்ன?

கள்ளை இறக்கி இரண்டு நாள் வைத்தால் புளிக்கிறது. முதலில் மதுவம் என்ற நுண்ணுயிர் சீனியை மதுசாரமாக மாற்றுகிறது. பிறகு இன்னொரு வகை பக்டீரியா, காற்றில் உள்ள ஒட்சிசனைக் கொண்டு அந்த மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக மாற்றுகிறது. இந்த வேலையைச் செய்வது உயிருள்ள நுண்ணுயிர்தான் என்பதை 1860களில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்கினார். தென்னங்கள்ளிலும் இதுதான் நடக்கிறது, பனங்கள்ளிலும் இதுதான் நடக்கிறது. தமிழில் இதற்குக் காடி என்ற பழைய சொல் உண்டு.

கடைப் போத்தலில் பொதுவாக 4 முதல் 5 வீதம்தான் அசற்றிக் அமிலம். மிச்சம் தண்ணீர். அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்வதற்குச் செயற்கை வினாகிரி என்று பெயர். ஊறுகாய்க்குத் தென்னங்கள்ளு வினாகிரிதான் ருசி. துப்புரவு வேலைக்கு நிறமில்லாத செயற்கை வினாகிரியே போதும், கறையும் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. றப்பர் பாலை உறைய வைப்பதற்கு விற்கப்படும் அடர்ந்த அமிலத்தை வினாகிரி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். பெயர் ஒட்டாத போத்தலில் யார் என்ன கொடுத்தாலும் வேண்டாம்.

சாம்பலுக்கு ஒரு வேலை, புளிக்கு ஒரு வேலை

எங்கள் ஆயி சட்டிக்குச் சாம்பலும், பித்தளைச் செம்புக்குப் புளியும் வைத்திருந்தார். ஒன்றை எடுக்க வேண்டிய இடத்தில் மற்றதை எடுக்கவே மாட்டார். பாடசாலை வாசலை மிதிக்காத அவருக்கு, நான் இன்று வகுப்பில் சொல்வது நன்றாகத் தெரிந்திருந்தது.

விறகுச் சாம்பல் காரம். எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக் கறையையும் காரம்தான் கழற்றும். சவர்க்காரமும் அப்பச்சோடாவும் இந்தப் பக்கம். புளி, தேசிக்காய், வினாகிரி எல்லாம் அமிலம். சுண்ணாம்புப் படிவு, துரு, பித்தளைக் களிம்பு, சிறுநீர்ப் படிவு ஆகியவற்றை அமிலம் கரைக்கும். அதனால் எண்ணெய்ச் சட்டிக்கு வினாகிரி ஊற்றுவது வீண். கேத்தலுக்குள் பிடித்த வெள்ளைப் படிவைச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதும் வீண்.

இணையக் காணொளிகளில் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கொட்டி நுரை வர வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன. காபனீரொட்சைட்டு நுரையாகப் போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத்தண்ணீர் போன்ற ஒன்று. அது எதையும் துப்புரவாக்காது. சவர்க்காரத்தோடு வினாகிரியைக் கலப்பதும் இப்படித்தான். சவர்க்காரம் திரைந்து பிசுபிசுக்கும். ஒன்றால் கழுவி, தண்ணீர் ஊற்றி, பிறகு மற்றதை எடுங்கள்.

அத்தையின் கேத்தலும் எங்கள் கேத்தலும்

எங்கள் பீலித் தண்ணீர் மலையில் இருந்து வருகிறது. பழைய கடினப் பாறைகளின் மேல் ஓடிவரும் மழைநீர் அது. சுண்ணாம்பு மிகக் குறைவு. பத்து வருடம் பாவித்த கேத்தலிலும் பெரிதாகப் படிவு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வன்னியிலும் பல கிணறுகளில் கடினநீர்தான். அத்தையின் கேத்தலுக்குள் முட்டைக்கோது போல ஒரு படை. அவர் அதைத் தட்டித் தட்டிக் கழற்றுவாராம்.

இன்னொன்றும் சொன்னார். நாங்கள் இங்கிருந்து அனுப்புகிற தேயிலையில் அங்கே சாயத்தண்ணி ஊற்றினால் மேலே ஆடை போல ஒரு படலம் மிதக்குமாம். தேயிலையில் ஏதோ கலப்படம் என்று நினைத்து எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். தேயிலையில் பிழை இல்லை. தேயிலையின் சாயப் பொருளும் கடினநீரில் உள்ள கல்சியமும் சேர்ந்துதான் அந்தப் படலம் உண்டாகிறது. நாலு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் போய்விடும். அதுவும் அமிலத்தின் வேலைதான்.

கேத்தல் படிவுக்கு இப்படிச் செய்யுங்கள். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் விட்டு, படிவு மூழ்கும்வரை நிரப்பிச் சூடாக்குங்கள். கொதிக்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். சிறு குமிழிகள் வருவதைக் காணலாம். கல்சியம் காபனேற்று கரைந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்துக் கொட்டினால் மணமும் போய்விடும். குழாய் வாயில் படிவு என்றால், வினாகிரியில் நனைத்த துணியை ஒரு மணித்தியாலம் சுற்றிவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

அத்தை கேட்ட அடுத்த கேள்வி முக்கியமானது. "கேத்தலக் கழுவினா கிட்னி வருத்தம் வராதா?" வவுனியா, அநுராதபுரம் பக்கங்களில் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். வினாகிரி கேத்தலைத்தான் துப்புரவாக்கும், குடிநீரை அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு போன்றவை கொதிக்க வைத்தாலும் போகாது, வினாகிரி விட்டாலும் போகாது. கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். வடிகட்டிய நீர் கிடைக்கிற இடத்தில் அதைக் குடிக்க வேண்டும்.

எவற்றுக்குப் பாவிக்கலாம்

யன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி: சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து, பழைய பத்திரிகைத் தாளால் உலர்த்துங்கள். கோடு விழாது.

தேத்தண்ணிக் கறை பிடித்த பீங்கான் கோப்பை, பிளாஸ்க்: கொஞ்சம் வெந்நீரும் வினாகிரியும் விட்டு அரை மணித்தியாலம் வைத்துத் தேய்க்கலாம். கோப்பையின் கறைக்கு அப்பச்சோடாவைத் தனியாகத் தொட்டுத் தேய்த்தாலும் போகும்.

துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தி, அரிவாள்: ஒரு இரவு வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தால் துரு விடும். பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாளில் மறுபடி துரு பிடிக்கும்.

மலசலகூடப் பீங்கானில் மஞ்சள் படிவு: வினாகிரி ஊற்றி ஓர் இரவு விட்டு மறுநாள் தேய்க்கலாம். அதற்கு முன் வேறு எந்த மருந்தும் போடவில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எவற்றில் படக் கூடாது

லயத்துச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பது எங்களுக்குப் பெரிய தொல்லை. எங்கள் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவ மழைதான் பெருமழை. கார்த்திகை தொடங்கித் தை மட்டும் துணி காயாது, சுவரும் காயாது. ஓடு, கண்ணாடி, பிளாஸ்டிக்கில் உள்ள பூஞ்சணத்தை வினாகிரியால் துடைக்கலாம். சுண்ணாம்பு அடித்த சுவரில் வேண்டாம். அமிலம் சுண்ணாம்பையே தின்றுவிடும். அந்தக் காலத்தில் தீபாவளிக்கு முன் வெள்ளையடித்தது அழகுக்காக மட்டும் இல்லை. புதுச் சுண்ணாம்பு கடுமையான காரம். பூஞ்சணம் அதில் வளராது. சுவரில் இருக்கும் பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி வெள்ளையடிப்பதுதான் சரி. கூரை ஒழுகினால் அதை அடைக்காமல் எதைத் தேய்த்தும் பயன் இல்லை.

சீமெந்துத் தரைக்கும் இதுவே பதில். சீமெந்திலும் கல்சியம் இருக்கிறது. அடிக்கடி வினாகிரி பட்டால் பளபளப்புப் போய்ச் சொரசொரப்பாகும். சிவப்பு மெருகு பூசிய தரைக்கும் ஆகாது. மாபிள் கல்லுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. அலுமினியச் சட்டியில் வினாகிரியை ஊறவைத்தால் சிறு குழிகள் விழும்; உடனே துடைத்துக் கழுவிவிட வேண்டும். கைத்தொலைபேசித் திரையிலும் தேய்க்காதீர்கள்.

கிருமி சாகுமா?

சில கிருமிகள் சாகும், எல்லாம் சாகாது. 2014இல் வெளியான ஒரு ஆய்வில், 6 வீத அசற்றிக் அமிலம் 30 நிமிடத்தில் காசநோய்க் கிருமியைக் கொன்றது தெரியவந்தது. ஆனால் அது ஆய்வுகூடத்தில். கடை வினாகிரி அதை விடச் செறிவு குறைந்தது. நாம் துடைப்பதோ அரை நிமிடம். வாந்திபேதி, இரத்தம், நோயாளி படுத்த இடம் என்றால் வினாகிரியை நம்பாதீர்கள். அங்கே அத்தையின் குளோரின் தூள்தான் சரி. சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில், திறந்த கதவோடு, தனியாகப் பாவிக்க வேண்டும்.

அன்று என்ன நடந்தது?

குளோரின் தூளில் இருப்பது கல்சியம் ஐப்போகுளோரைட்டு. போத்தலில் வரும் வெளிற்றும் திரவத்தில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைட்டு. இரண்டில் எதில் அமிலம் பட்டாலும் குளோரின் வாயு வெளிவரும். வினாகிரி என்றாலும் அதே, தேசிக்காய் என்றாலும் அதே. மலசலகூடம் கழுவும் கடை மருந்துகளில் பல கடும் அமிலம்; அவற்றோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக வரும்.

1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜேர்மன் படை காற்றில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். போர்க்களத்தில் ஆயுதமாக நின்ற ஒன்றை என் வீட்டு மலசலகூடத்தில் நானே செய்துவிட்டேன். அளவு சிறிது. ஆனால் அறையும் சிறிது, கதவும் சாத்தியிருந்தது.

இந்த வாயு காற்றை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எங்கெல்லாம் ஈரம் இருக்கிறதோ அங்கெல்லாம் கரைந்து அமிலமாகிச் சுடும். திடமான நெஞ்சு உள்ளவர் இருமிவிட்டுத் தப்பலாம். ஷெல் துண்டு சுமக்கிற நெஞ்சுக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கும், விறகடுப்புப் புகையில் காலம் கழித்தவருக்கும், குழந்தைகளுக்கும் இது வேறு கதை. யுத்தத்தில் நெஞ்சில் காயப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதியை மட்டுமாவது அவருக்கும் வீட்டில் துப்புரவு செய்கிறவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தப்பித் தவறி நடந்துவிட்டால்:

உடனே வெளியே போங்கள். போத்தலை எடுக்கவோ தண்ணீர் ஊற்றவோ நிற்காதீர்கள். பள்ளத்தில் நிற்காமல், காற்று வரும் பக்கமாக மேட்டுக்கு ஏறுங்கள். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மேலில் தெறித்திருந்தால் உடுப்பைக் களைந்து உடம்பைக் கழுவுங்கள். மூச்சுத்திணறல், விடாத இருமல், நெஞ்சு இறுக்கம் இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். என்னென்ன கலந்தது என்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முதலில் சுகமாகத் தெரிந்தாலும் சில மணித்தியாலங்களுக்குப் பிறகு நுரையீரலில் நீர் கோக்கலாம். அதனால் பழைய நெஞ்சுக் காயம் உள்ளவர் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

2022 நெருக்கடியில் சவர்க்காரத்தின் விலை எப்படி ஏறியது என்று யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முதல் வருடம்தான் பெரும் போராட்டத்துக்குப் பிறகு தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அந்தக் காலத்தில்தான் எங்கள் லயத்தில் பலர், ஐந்து வகை மருந்து வாங்குவதை விட்டுவிட்டு ஒரு போத்தல் வினாகிரி, ஒரு பைக்கற்று அப்பச்சோடா, ஒரு சவர்க்காரக் கட்டி என்று மாறினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மலிவு என்பதால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

நாங்கள் இப்போது மூன்று ஒழுங்கு வைத்திருக்கிறோம். குளோரின் போடும் நாளில் வினாகிரியைத் தொடுவதில்லை. இடையில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அடுத்த நாள்தான் மற்றது. குளோரின் வெளியே இஸ்தோப்பு அலுமாரியில், வினாகிரி அடுப்படியில். இரண்டும் ஒரே தட்டில் இல்லை. யார் எதைப் போட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். அன்று எங்கள் இருவருக்குமே பொருள் தெரியாமல் இல்லை. அவருக்குக் குளோரின் தெரியும், எனக்கு வினாகிரி தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாததுதான் பிழை.

வைத்தியசாலையில் இருந்து வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடு புள்ள, எத்தனையோ புகையக் கண்டாச்சு. இது நம்ம வீட்டுப் புகை" என்றார். பிறகு என் மகளிடம் பேனை வாங்கி, பால்மா பேணியில் ஒட்டிய தாளில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்: "குளோரின். புளி, தேசிக்காய், வினாகிரி சேர்க்கக் கூடாது." ஊருக்குப் போகும்போது அந்தப் பேணியை எடுத்துக்கொண்டு போனார். அங்கே பக்கத்து வீட்டுப் பேணிகளிலும் இப்போது அதே எழுத்து இருப்பதாகத் தொலைபேசியில் சொல்கிறார்.

உங்கள் வீட்டுப் பேணியிலும் இன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்.